தபாலில் வந்த கேஷியர்ஸ் செக்: இரண்டாவது செக்கைப் போடும் முன்

கேள்வி: நாங்கள் எச்1பி விசாவில் அமெரிக்காவில் இருக்கிறோம். என் மனைவி வாரக்கடைசிகளில் வீட்டிலேயே வீணை சொல்லித் தருகிறார். லண்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மின்னஞ்சலில் தொடர்புகொண்டார். கோடை விடுமுறைக்கு மகள் இங்கே வருகிறாள், பாடம் எடுக்க வேண்டும் என்று 4,850 டாலருக்கு கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பணத்தின் மேல் எழுதித் தரும் செக்) ஒன்றைத் தபாலில் அனுப்பினார். எங்கள் கட்டணம் 1,200. மகளைக் கூட்டிவரும் டிரைவருக்கு 3,600 டாலரை வயர் (வங்கி வழி நேரடிப் பணப் பரிமாற்றம்) செய்யச் சொன்னார். மீதி 50 எங்கள் சிரமத்துக்கு. திங்களன்று வங்கி கவுன்ட்டரில் செக்கைப் போட்டோம், செவ்வாயன்று பணம் ஏறியது. “இது சரியாக வருமா?” என்று மனைவி வாட்ஸ்அப்பில் கேட்டார். வங்கியில் விசாரித்தேன். “கிளியர் ஆகிவிட்டது” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். புதனன்று வயர் செய்தோம். அடுத்த வாரம் வியாழனன்று செக் போலி என்று திரும்பிவிட்டது. கணக்கு இப்போது மைனஸ் 2,700. மேனேஜர் எங்களைத் திருடர்களைப் போல நடத்தினார். இன்று அதே ஆள், முதல் செக்கில் அச்சுப்பிழை என்று சொல்லி, 7,200 டாலருக்கு இன்னொரு செக் அனுப்பியிருக்கிறார். வங்கி மேல் வழக்குப் போடலாமா? ஊரில் செக் பவுன்ஸானால் 138-ஆம் பிரிவில் போடுவது போல அனுப்பியவர் மேல் போட முடியுமா? இந்த இரண்டாவது செக்கைப் போட்டால் பள்ளம் நிரம்பாதா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. இரண்டாவது செக்கைப் போடாதீர்கள். அதன் பின்பக்கம் கையெழுத்தும் போடாதீர்கள். அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

முதல் செக்கைப் போட்டபோது நீங்கள் ஏமாந்தவர்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு அந்த நிலை மாறிவிட்டது. அந்த ஆள் அனுப்பும் செக் போலி என்று வங்கியே உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. கூட்டாட்சிச் சட்டத்தில் வங்கி மோசடிக் குற்றத்துக்கு (தலைப்பு 18, பிரிவு 1344) உச்சத் தண்டனை 30 ஆண்டுச் சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். அந்தக் குற்றம் நிற்பதும் விழுவதும் ‘தெரிந்தே’ என்ற சொல்லில்தான். கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொள்வதையும் நீதிமன்றங்கள் தெரிந்து செய்ததாகவே எடுத்துக்கொள்கின்றன. இரண்டு செக்குகளையும் கூட்டினால் 12,050 டாலர். 10,000 டாலருக்கு மேல் இழப்பு உண்டாக்கிய மோசடிக்குத் தண்டனை பெற்றவரைக் குடியேற்றச் சட்டம் மிகக் கடுமையான குற்றவாளிகள் வரிசையில் வைக்கிறது. நாடு கடத்தலிலிருந்து காக்கும் வழிகளில் பெரும்பாலானவை அவருக்கு அடைபடும். 2,700 டாலர் பள்ளத்தை நிரப்பப் போய் அந்த இடத்தில் சிக்கிவிடாதீர்கள்.

அடுத்து வழக்கு. லண்டன் குடும்பம் எவ்வளவு பணிவாக எழுதியது, மேனேஜர் எப்படிப் பேசினார், இவ்வளவு பெரிய வங்கிக்குப் போலி செக்கைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்பதெல்லாம் நியாயமான ஆதங்கம். ஆனால் அதில் எதுவும் வழக்கை ஒரு அங்குலம் நகர்த்தாது. சட்டத்துக்கு வேண்டியவை இரண்டு தேதிகள். செக் திரும்பியது உங்கள் வங்கிக்குத் தெரிந்தது எப்போது? வயர் போனது எப்போது?

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள், நம்மவர்கள் சறுக்கும் இடமே இதுதான். ஊரில் செக் பாஸான பிறகுதான் பணம் கணக்கில் ஏறும். ஏறிவிட்டால் நம் பணம். அமெரிக்காவில் வரிசை தலைகீழ். 1987-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும், அதன் கீழ் வந்த ‘ரெகுலேஷன் சிசி’ விதியும், செக் பாஸாகும் முன்பே வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திறந்துவிடும்படி வங்கிக்குக் கட்டளையிடுகின்றன. சாதாரணச் செக்கானால் அடுத்த வேலை நாளில் முதல் 275 டாலர் கிடைக்கும். கேஷியர்ஸ் செக்கை, அது யார் பேருக்கோ அவருடைய கணக்கில், கவுன்ட்டரில் நேரில் போட்டால் முழுத் தொகையும் அடுத்த வேலை நாளே கிடைக்க வேண்டும். ஒரே நாளில் 6,725 டாலரைத் தாண்டும் தொகையைத்தான் பெரிய டெபாசிட் என்று வங்கி நிறுத்திவைக்கலாம். உங்களுக்கு வந்த 4,850 அந்த வரம்புக்குள் இருக்கிறது. மோசடிக்காரர்கள் சாதாரணச் செக் அனுப்பாமல் கேஷியர்ஸ் செக் அனுப்புவதும், நேரில் போய்ப் போடுங்கள் என்று வற்புறுத்துவதும் இதனால்தான். கேஷியர்ஸ் செக் என்றால் நம்மூர் டி.டி. மாதிரி, பவுன்ஸ் ஆகாது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையான செக்குக்கு அது பொருந்தும். உங்களுக்கு வந்ததை எந்த வங்கியும் வழங்கவில்லை.

கணக்கில் ஏறிய அந்தத் தொகை தற்காலிக வரவு மட்டுமே. சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் 4-214 பிரிவின்படி, செக் எழுதப்பட்ட வங்கி (அதற்குப் பணம் தர வேண்டிய வங்கி) இறுதியாகப் பணம் தரும்வரை உங்கள் வங்கி அதைத் திரும்ப எடுக்கலாம். நீங்கள் அதைச் செலவழித்துவிட்டீர்கள் என்பதால் அந்த உரிமை போகாது. வங்கியின் கவனக்குறைவாலும் போகாது. இந்தத் தொகுப்பை மாநிலங்கள் தனித்தனியே ஏற்றிருப்பதால் உங்கள் மாநிலத்தில் பிரிவு எண் கொஞ்சம் மாறியிருக்கலாம், சாரம் இதுதான்.

“கிளியர் ஆகிவிட்டது என்று சொன்னார்களே” என்பது உங்கள் பெரிய ஆயுதம் என்று நினைக்கிறீர்கள். நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் நிறுவனமே இதே வலையில் விழுந்தது. ஏறக்குறைய 2 லட்சம் டாலர் செக்கைப் போட்டு, ‘கிளியர்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி, பெரும்பகுதியை ஹாங்காங்குக்கு வயர் செய்தது. கிரீன்பர்க், ட்ரேகர் அண்ட் ஹெர்ப்ஸ்ட் எதிர் எச்.எஸ்.பி.சி. என்ற அந்த வழக்கில் 2011-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கி பக்கமே நின்றது. அந்தச் சொல்லுக்குப் ‘பணம் எடுக்கலாம்’ என்றும் பொருள் கொள்ளலாம், எழுத்தில் இல்லாத அந்த வாக்கை நம்பியது நியாயமான நம்பிக்கை ஆகாது என்றது. வழக்கறிஞர்களுக்கே கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன்.

சட்டம் உங்களுக்கு விட்டுவைத்திருப்பது இரண்டு சந்துகள். செக் எழுதப்பட்ட வங்கி, தன்னிடம் செக் வந்து சேர்ந்ததற்கு அடுத்த வங்கி நாள் நள்ளிரவுக்குள் அதைத் திருப்ப வேண்டும். தவறினால் நட்டம் பொதுவாக அந்த வங்கியின் தலையில் விழும், உங்கள் கணக்கில் கைவைக்க முடியாது. இன்னொன்று, செக் திரும்பியது தெரிந்த பிறகும் உங்கள் வங்கி சொல்லாமல் தாமதித்து, அந்தத் தாமதத்தில் நீங்கள் வயர் செய்திருந்தால், தாமதத்தால் வந்த நட்டத்துக்கு அது பொறுப்பு. எனவே திரும்பிய செக்கின் இரு பக்கப் படம், திருப்பியதற்கான காரணம், ஒவ்வொரு வங்கியிலும் அது வந்து சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். செக் வந்துசேர்ந்த நாள் கையில் இல்லாமல் முதல் சந்து பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவதில், நீங்கள் எழுதியபடி வயர் புதன், செக் திரும்பியது மறுவாரம் வியாழன் என்றால், வழக்கு இல்லை.

இடையில் ஏன் அத்தனை நாள் ஆனது என்று கேட்பீர்கள். செக்கின் அடியில் இருக்கும் 9 இலக்க ரௌட்டிங் எண்தான் அது எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. அச்சடிப்பவர்கள் ஒரு வங்கியின் பெயரையும் வேறு வங்கியின் எண்ணையும் போடுவார்கள். செக் தவறான இடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, சரியான வங்கியைத் தேடி அலையும். அந்த நாட்களுக்குள் உங்கள் வயர் போய்விடும். நள்ளிரவுக் கெடு உண்மையான வங்கியின் கைக்கு வந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது என்பதால், அலைந்த நாட்கள் உங்களுக்கு உதவாது.

138 பற்றி ஒரே வரி. அது இந்தியச் சட்டம், தன் கணக்கில் பணம் இல்லாமல் செக் கொடுத்தவருக்கானது. இங்கே செக்கில் பெயர் இருக்கும் வங்கி எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்தவருக்கு முகவரி இல்லை.

இனி நான் அதிகம் கவலைப்படுவது. மனைவி அனுப்பிய “இது சரியாக வருமா?” என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடலாமா என்று இந்நேரம் யோசித்திருப்பீர்கள். அழிக்காதீர்கள். சந்தேகம் வந்து, வங்கியில் விசாரித்து, பதில் கேட்டுச் செயல்பட்டீர்கள் என்பதைக் காட்டும் சான்று அது. அழித்தால், மறைக்க ஏதோ இருந்தது என்ற ஊகம் உங்கள் மேல் வரும், சாட்சியம் அழித்த தனிக்குற்றமும் சேரலாம். மின்னஞ்சல், தபால் உறை, டிராக்கிங் எண், வயர் ரசீது அனைத்தையும் அப்படியே வையுங்கள். வங்கியோ புலனாய்வாளரோ உறுதிமொழிப் படிவம் நீட்டினால், வழக்கறிஞர் படிக்கும்முன் கையெழுத்து வேண்டாம். “முதலிலேயே சந்தேகம் இருந்தது” என்று தன்னை நொந்து சொல்லும் ஒரு வரி, படிவத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில், தேதியோடு மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று: மனைவி எச்4 விசாவில் (எச்1பி-காரரின் துணைவருக்கானது) இருக்கிறாரா, வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிறாரா? இல்லையென்றால், கட்டணம் வாங்கி வீணை சொல்லித் தருவதே அனுமதியில்லாத வேலை. புகார் மனுவில் ‘வகுப்புக் கட்டணம்’ என்று எழுதும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். செக்கை விட இது பெரிய விஷயமாக முடியலாம்.

அதற்காகக் கணக்கை அப்படியே கைவிடவும் கூடாது. மைனஸில் விட்ட கணக்கை வங்கி மூடி, செக்ஸ் சிஸ்டம்ஸ் பதிவேட்டில் (சிக்கலான கணக்குகள் பற்றி வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல்) ஏற்றும். அது 5 ஆண்டு நிற்கும், வேறு வங்கியில் கணக்குத் திறக்கவே சிரமப்படுவீர்கள். அதே வங்கியில் மனைவியோடு கூட்டுக் கணக்கு இருந்தால் அதிலிருந்தும் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் பொதுவாக இடம் தருகிறது. சம்பளம் அங்கே விழுந்தால் முதலில் கடன்தான் கழியும்.

எனவே வங்கியோடு சமரசம் செய்யுங்கள். 2,700 டாலருக்காக வழக்கு நடத்தினால் கட்டணமே அதைத் தாண்டும். கணக்கு ஒப்பந்தத்தில் மத்தியஸ்தப் பிரிவு (தகராறைத் தனி நடுவர் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தால் பெரும்பாலும் வழக்கமான நீதிமன்றம் போக முடியாது. ஆறு அல்லது பன்னிரண்டு தவணை, வட்டி இல்லை, செக் திரும்பிய கட்டணமும் ஓவர்டிராஃப்ட் கட்டணமும் தள்ளுபடி, பதிவேட்டில் ஏற்றாமல் இருக்க அல்லது ‘கட்டித் தீர்ந்தது’ என்று திருத்த ஒப்புதல் ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லாம் எழுத்தில் வேண்டும். வங்கி 600 டாலரோ அதற்கு மேலோ கடனைத் தள்ளினால் 1099-சி என்ற வரிப் படிவம் வரலாம், அது வருமானமாகக் கணக்கில் வரும், வரி ஆலோசகரிடம் காட்டுங்கள்.

வயர் செய்த 3,600-ஐ மீட்க, வங்கியிடம் ரீகால் கோரிக்கை எழுத்தில் கொடுங்கள். பெறும் வங்கி ஒப்பினால்தான் நடக்கும், பெரும்பாலும் பணம் அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் கொடுங்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் தளமான ஐசி3-இலும் பதியுங்கள். தபாலில் வந்தது என்பதால் அஞ்சல் புலனாய்வுத் துறை (1-877-876-2455) முக்கியம். “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று அடுத்த வாரம் யாராவது அழைத்தால், ஏமாந்தவர்கள் பட்டியல் கைமாறிவிட்டது என்று பொருள். போனை வையுங்கள்.

கையில் இருக்கும் இரண்டாவது உறை இப்போது சான்று. செக்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எழுதாமல், மடிக்காமல் வையுங்கள். வெளியிலிருந்தே சில விஷயம் பார்க்கலாம். அனுப்பியவர் லண்டன், தபால் முத்திரை வேறொரு மாநிலம், செக் மூன்றாவது மாநிலத்து வங்கி என்று இருக்கும். அடியிலுள்ள எண்கள் காந்த மையில் மங்கலாக அச்சாகியிருக்க வேண்டும், பளபளத்தால் சந்தேகிக்கலாம். வலது மேல் மூலையில் பின்னம் போல ஒரு எண் இருக்கும். அதன் கீழ்ப்பகுதி ரௌட்டிங் எண்ணின் முதல் நான்கு இலக்கத்தோடும் (முன்னால் வரும் பூஜ்யம் விடுபடலாம்), மேலே கோட்டுக்குப் பின்னால் வருவது அடுத்த நான்கோடும் ஒத்துப்போக வேண்டும். ரௌட்டிங் எண்ணின் இலக்கங்களை வரிசையாக 3, 7, 1, 3, 7, 1, 3, 7, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும். வராவிட்டால் போலி உறுதி. வந்தால் அசல் என்று அர்த்தமில்லை, உண்மையான வங்கியின் எண்ணைத் திருடிப் போடுவது எளிது.

வேறு யாருக்காவது இப்படிச் செக் வந்தால், போடும் முன்பே செய்ய வேண்டியது வேறு. வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யின் வங்கித் தேடல் பக்கத்தில் வங்கியின் உண்மையான இணையதளத்தைக் கண்டுபிடித்து, அதிலுள்ள எண்ணை அழையுங்கள், செக்கில் அச்சான எண்ணை அல்ல, அது அச்சடித்தவனின் போனாகவே இருக்கலாம். செக் எண், தொகை, தேதி, பெறுபவர் பெயர் நான்கும் சொல்லி, இதை நீங்கள் வழங்கினீர்களா என்று கேளுங்கள். ‘அந்தக் கணக்கு இருக்கிறது’ என்ற பதில் போதாது, அந்தச் செக்கை வழங்கினோம் என்று சொல்ல வேண்டும். அஞ்சலகப் பண ஆணை என்றால் 1-866-459-7822-இல் சரிபார்க்கலாம். உள்நாட்டு ஆணை ஒன்றின் உச்சம் 1,000 டாலர், அதற்கு மேல் எழுதியிருந்தால் அழைக்கவே வேண்டாம். உங்களுக்குச் சேர வேண்டியதை விட ஒரு டாலர் அதிகமாகச் செக் வந்து, அந்த அதிகத்தை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால், மற்ற சோதனைகளுக்கு அவசியமே இல்லை.

சமரசக் கடிதம் வந்ததும் முதலில் ஒரு வரியைத் தேடுங்கள். ‘செக் போலி என்பதை வாடிக்கையாளர் அறிந்திருந்தார் அல்லது அறிந்திருக்க வேண்டும்’ என்று எங்காவது இருந்தால், அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதற்கு வங்கி ஒப்பவில்லையென்றால், தவணை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் கையெழுத்திடாமல் கடிதத்தை வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.