வீட்டுக்கு முன்பே தொட்டிக்கு இடம் பாருங்கள்

கேள்வி: ஐயா, மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் 12 சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். வடக்குப் பார்த்த மனை. தெருப்பக்கம் 52 அடி, உள்ளே 100 அடி. தை பிறந்ததும் வேலை தொடங்க எண்ணம். ஈசானிய (வடகிழக்கு) மூலையில் போர் போட்டாகிவிட்டது. செப்டிக் டேங்குக்கு, ‘வாயு (வடமேற்கு) மூலையில் ஆறு உறை இறக்கிட்டா இருபது வருசத்துக்குக் கவலை இல்லை’ என்கிறார் மேஸ்திரி. சென்னையில் இருக்கும் என் தம்பியோ, டேங்கை வரைபடத்தில் காட்டி அனுமதி வாங்காமல் கடைக்கால் தோண்டக் கூடாது என்கிறான். ‘பஞ்சாயத்துதானே, யார் வந்து பார்க்கப்போறா’ என்பது மேஸ்திரியின் பதில். வீட்டில் ஐந்து பேர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி பேச்சைக் கேளுங்கள் அம்மா. ஆனால் அவர் சொல்வதைவிட ஒரு படி முன்னால் போக வேண்டியிருக்கிறது. அனுமதிக்கு வரைபடம் போடுவதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சீயராக இருந்த காலத்தில் உங்கள் பக்கத்துக் களிமண்ணோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு உறை. உறை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் சிமென்ட் வளையம். அதற்கு அடித்தளம் கிடையாது. மேலே போவது அப்படியே கீழே மண்ணில் இறங்கும். தண்ணீர் 40 அடியில் இருக்கும் ஊரில் இதைப் பற்றி வாதம் செய்யலாம். உங்கள் ஊரில் கார்த்திகை மாதம் பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். அப்படியென்றால் உறையின் பாதிக்கு மேல் நிலத்தடி நீருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் கழிப்பறைக் கோப்பையில் எதிர்த்து ஏறும். கோடையில் ஒழுங்காக இறங்கும். இறங்கியது எங்கே போயிற்று என்பது கைபம்பு அடிப்பவருக்குத்தான் தெரியும். ‘இருபது வருசம் நிரம்பவே இல்லை’ என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவர் தொட்டி ஒழுகுகிறது என்று பொருள்.

அடுத்து வாஸ்து. போர் ஈசானியத்தில், தொட்டி வாயு மூலையில் என்பது எல்லா மேஸ்திரிக்கும் மனப்பாடம். அளந்து பார்த்தீர்களா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதிப்படி, கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது 59 அடி தள்ளி இருக்க வேண்டும். உங்கள் மனையின் மொத்த அகலமே 52 அடி. இரண்டும் வடக்கு ஓரத்தில் இருந்தால் எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. வீட்டுச் சுவரிலிருந்தும் 6 மீட்டர், அதாவது 20 அடி வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், இது தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கான தூரம். கசியாமல் கட்டிய தொட்டி வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கலாம். பக்கத்து மனை, பின்மனைக்காரர்களின் போர் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். 18 மீட்டர் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, மண் தண்ணீரைக் குடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டாம். தண்ணீர் இறக்க நினைக்கும் ஆழத்துக்கு ஒரு சாண் அகலக் குழி எடுங்கள். களிமண்ணில் மண்வெட்டி வழித்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதை அப்படியே விட்டால் பக்கவாட்டில் ஒரு சொட்டும் இறங்காது. கத்தியால் சுரண்டிவிட்டு, உதிர்ந்ததை அள்ளிப்போட்டு, அடியில் இரண்டு அங்குலம் பெருமணல் போடுங்கள். அதற்கு மேல் ஒரு அடிக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் மணலுக்கு மேல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி வைத்து, ஒரு குச்சியில் குறி போட்டு, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை என்றால் குழி உதவாது, நீளமாகப் பள்ளம் எடுத்துத் துளைக்குழாய் போட வேண்டும். அரை அங்குலம்கூட இறங்கவில்லையா? அந்த மண்ணை நம்ப வேண்டாம். ஒரு குழியோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

இரவு முழுவதும் ஊற வைப்பதைச் சிலர் வீண்வேலை என்பார்கள். சித்திரையில் உங்கள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போது நாலு குடம் ஊற்றினால் வெடிப்பு வழியே ஓடி மறைந்துவிடும். ‘பாருங்க, எப்படிக் குடிக்குது’ என்று மேஸ்திரி கையை விரிப்பார். ஊறி, உப்பி, வெடிப்பு மூடிய பிறகு அதே மண் வாயைத் திறக்காது. நேற்றுவரை வயலாக இருந்த மனை என்றால் நண்டு வளையும் இருக்கும். குழி அதில் விழுந்தால் கணக்கே தப்பு. வேறு இடம் தோண்டுங்கள்.

உங்கள் பகுதியில் விடை என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: மண் மெதுவாகக் குடிக்கும், மழைக்காலத்தில் தண்ணீர் மேலே இருக்கும். இந்த நிலைக்கு, முன்பு சொன்ன ஐஎஸ் 2470 விதியிலேயே வழி இருக்கிறது. நிலத்தடி நீர் 180 சென்டிமீட்டருக்குள் இருந்தால், கீழே தோண்டாமல் மேலே மேடு கட்டி அதற்குள் துளைக்குழாய் போடச் சொல்கிறது. மனையின் தென்கோடியில், வீட்டுப் பின்சுவரிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி, மணல் கலந்த சவுடு அடித்து மேடு போடுங்கள். அதில் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாயைப் புதைத்து, மேலே மண் மூடிக் கல்வாழை நட்டுவிடலாம். போரிலிருந்து 70 அடிக்கு மேல் விலகிவிடும். கன்னி (தென்மேற்கு) மூலையில் கழிவுநீரா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால், கன்னி மூலை உயரமாக இருக்க வேண்டும் என்பதும் வாஸ்துதானே என்று கேளுங்கள். பள்ளம்தானே கூடாது, நாம் கட்டுவது மேடு.

வீடு கட்டத் தொடங்குமுன் இதை முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மேட்டுக்குள் போகும் குழாய் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். தொட்டியின் வெளிவாய் அதைவிடச் சற்று மேலே, உள்வாய் அதற்கும் இரண்டு அங்குலம் மேலே. வீட்டிலிருந்து வரும் குழாய்க்கு 50 அடிக்கு ஒரு அடி வாட்டம், அப்புறம் சேம்பர், கோப்பையின் வளைவு. எல்லாம் கூட்டினால் கழிப்பறைத் தரை மனையின் தரைமட்டத்துக்கு மேல் மூன்றரை, நாலு அடியில் வந்து நிற்கும். ஆக, உங்கள் பேஸ்மட்டத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது செப்டிக் டேங்க்தான். கழிப்பறைகளும் பின்சுவர்ப் பக்கம் வர வேண்டும். சுவர் எழும்பிய பிறகு இதையெல்லாம் மாற்ற முடியாது. பிறகு கழிவுநீரை மேலே ஏற்ற மோட்டார் வைக்கச் சொல்வார்கள். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், உங்கள் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். கழிப்பறையை மோட்டாரை நம்பி விடாதீர்கள்.

தொட்டி அளவு: ஐந்து பேர் என்றாலும் பொங்கல் தீபாவளிக்கு வருபவர்களைச் சேர்த்து பத்துப் பேருக்குப் போடுங்கள். நீர் நிற்கும் அளவு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் போதும். ஆழமாகப் போகாதீர்கள். உள்ளளவு 2.8 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம், அதற்கு மேல் ஒரு அடி காலியிடம். உள்வாயிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் ஒரு தடுப்புச் சுவர். அடித்தளம் கான்கிரீட், உள்பக்கம் நீர் கசியாத பூச்சு. கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா பாருங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தொட்டி வாங்குவதானால், மழைக்காலத்தில் அதைக் காலி செய்யவே கூடாது. சுற்றிலும் நிற்கும் தண்ணீர் வெறும் தொட்டியைத் தூக்கிவிடும்.

பத்தடி ஆழத்துக்குப் பெரிதாகக் கட்டினால் ஆயுசுக்கும் தொட வேண்டாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். வருடக்கணக்கில் தங்கிய கசடு அடியில் இறுகிப்போய் லாரிக்காரரின் குழாய்க்கு வராது. அப்போதுதான் ‘ஆளை இறக்கலாமா’ என்று யாராவது கேட்பார்கள். உள்ளே விஷவாயு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பவருக்கு, முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நிலைமை வராமலிருக்க, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிடுங்கள். தெருவிலிருந்து தொட்டி மூடி வரை குழாய் இழுக்கப் பக்கவாட்டில் வழி விடுங்கள். மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள்.

இப்போது அனுமதி. கிராம ஊராட்சியிலும் கட்டட அனுமதி கட்டாயம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பஞ்சாயத்துக்கும் சேர்த்துத்தான். ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை (நாமே உறுதிமொழி கொடுத்து அனுமதி பெறுவது) உங்களுக்குப் பொருந்தாது. அது 2,500 சதுர அடி வரையுள்ள மனைக்கு. உங்களுடையது 5,200க்கு மேல். ஆகவே வழக்கமான வழியில்தான் போக வேண்டும். மனைப்படத்தில் வீடு, போர், தொட்டி, தண்ணீர் இறங்கும் மேடு நான்கையும் தூரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். பொறியாளர்கள் பலர் மூலையில் ஒரு கட்டம் போட்டு ‘செப்டிக் டேங்க்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். சிட்டாவை எடுத்து நஞ்சை என்று இருக்கிறதா, அங்கீகரித்த மனைப்பிரிவா என்றும் பாருங்கள். நஞ்சையாக இருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் முதலில். அங்கீகாரம் இல்லாத பிரிவாக இருந்தால், 2016 அக்டோபர் 20க்குள் பத்திரம் பதிந்த மனைதானா என்பது வரன்முறைக்கு முக்கியம். வங்கிக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் ‘யார் பார்க்கப்போறா’ என்ற கேள்விக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

குளியல், சமையல் தண்ணீரைத் தனியாக வாழைக்கு விடுங்கள். தொட்டிக்கும் மேட்டுக்கும் சுமை பாதியாகும். வாய்க்காலில் எதையும் விடாதீர்கள்.

கேள்வி: சிவகங்கைப் பக்கம் செம்மண் பூமி. கிணற்றில் தண்ணீர் 50 அடிக்குக் கீழே. நானும் மனைவியும் மட்டும். செப்டிக் டேங்க்தான் கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்களுக்கு இரட்டைக் குழி போதும், செலவும் குறைவு. இரண்டு குழி, நடுவில் ஒய் வடிவச் சேம்பர். ஒன்று நிரம்பியதும் அதன் வாயை அடைத்து மற்றதில் திருப்பிவிடுங்கள். மூடிய குழியை ஒன்றரை, இரண்டு வருடம் சும்மா விட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத உதிரி மண்ணாகிவிடும். எடுத்துத் தென்னைக்குப் போடலாம். குளியல் தண்ணீரைக் குழிக்குள் விட்டால் மட்டும் இது நடக்காது.

கேள்வி: புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்கில் சாணி கரைத்து ஊற்ற வேண்டும் என்கிறார்களே? கடையில் பாக்டீரியா பொடியும் விற்கிறது.

பதில்: வேலைக்கு வேண்டிய நுண்ணுயிர் கழிவோடுதான் வருகிறது. இரண்டும் தேவையில்லை. பொடி வாங்கும் காசை லாரிக்கு எடுத்து வையுங்கள். தினமும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கொட்டிக் கழுவுவதை நிறுத்துங்கள்.