நிஜச் சிறுமியும் வரைந்த மயிலும் கர்நாடக இசைக்குச் சேர்ந்து ஆடும் குறும்படம்: எதை முதலில் செய்வது?

கேள்வி இதுதான்: சென்னையில் ஒரு மொட்டை மாடி. பத்து வயதுச் சிறுமி ஆட, கோலத்திலிருந்து அனிமேஷன் மயில் எழுந்து அவளோடு ஆடுகிறது. 5 நிமிட மாயாஜாலப் படம். முதலில் ஷூட்டிங்கா, வரைவதா, இசையா?

இசை. பாட்டு முழுசாக ஒலிப்பதிவாகி, இனி ஒரு நொடியும் மாறாது என்ற பிறகே கேமராவைத் தொடுங்கள். எடுத்த காட்சிக்குப் பின்னால் பாட்டை ஒட்டவைத்தால் குழந்தையின் காலும் மயிலின் காலும் மிருதங்கமும் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் (தாள வேகத்தில்) போகும்.

அந்தக் காலப்பிரமாணத்தை ஃபிரேம் கணக்குப் பார்த்து வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 75 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்றால் அட்சரத்துக்கு 19.2 ஃபிரேம், அந்த 0.2 கடைசிவரை படுத்தும். 80 வைத்தால் கச்சிதமாக 18. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (8 அட்சரம் கொண்ட ஒரு சுற்று) 144 ஃபிரேம், அதாவது 6 நொடி. அட்சரத்தை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கு இது அருமை: தகிட, எழுத்துக்கு 6 ஃபிரேம். சதுஸ்ரத்தில் 18-ஐ நாலால் வகுத்தால் 4.5 வரும், அதற்கு 90 நல்லது: அட்சரத்துக்கு 16, எழுத்துக்கு 4. ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடை வேண்டுமென்றால் 72.

ஒலிப்பதிவில் மிருதங்கக்காரர் காதில் க்ளிக் (வேகம் காட்டும் சீரான டிக் ஒலி) ஓட வேண்டும். கச்சேரியில் கோர்வை (மூன்று முறை வந்து முடியும் தாளக் கோப்பு) நெருங்கும்போது வேகம் லேசாக ஏறினால் யாருக்கும் உறுத்தாது, இங்கே மயில் தடுமாறும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்கு மட்டும் க்ளிக் வேண்டாம்; பாடகர் மூச்சு எடுக்கும் இடங்களை ஃபிரேம் எண்ணோடு குறித்து, தோகை விரிவதை அந்தப் பிடியின் (ஒரு மூச்சில் பாடும் தொடரின்) நீளத்துக்கு வரையுங்கள். மிருதங்கத்தை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) அப்பிய ரவை காயக் காய நாதம் மாறும், இன்னொரு நாள் திருத்தம் எடுத்தால் ஒட்டு காதில் விழும். மார்கழிக்கு முன்பே தேதி வாங்குங்கள். சீசனில் நல்ல பக்கவாத்தியக்காரர்கள் கையில் நாளே இருக்காது.

தியாகராஜர் கிருதிக்கு யார் அனுமதியும் வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், படைப்பாளி மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை என்ற கணக்கில் 2033 முடியும்வரை அவர் பாட்டுக்கு அனுமதி வேண்டும். பழைய கிருதியே ஆனாலும் வேறொருவரின் ஒலிப்பதிவை எடுத்துப் போடக் கூடாது, பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

பலரும் தவறும் இடம் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாட்டு சமத்திலிருந்து (தாளத்தின் முதல் தட்டிலிருந்து) அரை அட்சரம் தள்ளி ஆரம்பித்தால், கோர்வை மூன்றாம் முறை வந்து விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். தாளம் தெரியாத அனிமேட்டர் மயிலைச் சமத்தில் இறக்கிவிடுவார்: 80-இல் அது 9 ஃபிரேம் முன்னால். சபாவில் முன்வரிசையில் உட்காரும் எந்தப் பாட்டிக்கும் உடனே தெரிந்துவிடும். கோர்வையின் ஒவ்வொரு சொல்லையும் ஃபிரேம் எண்ணோடு எழுதி அவர் மேஜையில் வையுங்கள். கால் ஊன்றும் படம் ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முந்தி வரலாம், பிந்தக் கூடாது.

இனி ஷூட்டிங். ஷட்டர் 1/50, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/48-இல் டியூப்லைட் மினுக்கும் ஆபத்து உண்டு. செல்போனில் எடுத்தால் ஃபிரேம் வேகத்தைப் பூட்டும் செயலி அவசியம். 24-ஐயும் 23.976-ஐயும் கலந்தால் 5 நிமிட முடிவில் 7 ஃபிரேம் நழுவியிருக்கும்.

டிரைபாடை அசைக்காமல் ஒவ்வொரு ஷாட்டையும் மூன்று முறை எடுங்கள். முதலில் குச்சி நுனியில் மஞ்சள் பந்து, மயில் தலை உயரத்தில். ஒருவர் சொல்கட்டு (தகிட போன்ற தாளச் சொற்கள்) சொல்லிக்கொண்டே அதை நகர்த்த, குழந்தை அதைப் பார்த்து ஆடட்டும். பிறகு குச்சி இல்லாமல். கடைசியாக வெறும் தரை. பந்து இல்லாமல் தொடங்கினால் குழந்தையின் பார்வை மயிலைத் தாண்டிப் பின்சுவரில் போய் நிற்கும், எத்தனை நன்றாக வரைந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 1989-இல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'வின் அனிமேஷன் பாட்டை, நடிகர்கள் பார்வை எங்கே நிற்கிறது என்பதற்காகவே ஒருமுறை பாருங்கள்.

மயிலைப் பெரும்பாலும் சிறுமிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் போனால், பாவாடை அதை மறைக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பாவாடை ஓரத்தைக் கையால் வெட்டியெடுக்க வேண்டும். வெயில் ஷாட்டுக்கு ஒரு அடி ஸ்கேலைத் தரையில் நிறுத்தி 5 நொடி எடுத்தால், மயில் நிழலின் திசையும் நீளமும் கிடைத்துவிடும். காலடியில் நிழல் ஒட்டாத மயில் தரையில் நிற்காது, மிதக்கும்.

வரையும்போது ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம், நொடிக்கு 12 படம் போதும். சிறுமி மயிலைத் தொடும் இடத்தில் மட்டும் ஃபிரேமுக்கு ஒரு படம், இல்லையென்றால் கை கழுத்தில் வழுக்கும். மயில் 2 நிமிடம் வந்தாலே 1440 படம். ஆகவே முதல் ஆவர்த்தனத்தை மட்டும் வெறும் பென்சில் கோட்டில் முடித்து, தாளம் போடத் தெரிந்தவரிடம் ஓட்டிக் காட்டுங்கள். அவர் தொடையில் தட்டும் இடத்தில் மயில் காலும் ஊன்றினால், மீதியை வரையத் தொடங்கலாம்.