ஐயாவின் ரைபிளுக்குப் புதுக் கட்டை

கேள்வி: எங்கள் ஐயா வைத்திருந்த ரைபிளின் மரக்கட்டை, கை பிடிக்கும் வளைவில் விரிசல் விட்டு இரண்டாகப் பிளக்கும் நிலையில் இருக்கிறது. எங்கள் வளவு வீட்டைச் சீரமைத்தபோது இறக்கிய பர்மா தேக்கு உத்தரத்துண்டு ஒன்று கைவசம் உள்ளது. தச்சுவேலை ஓரளவு தெரியும். வீட்டிலேயே புதுக் கட்டை செய்து பொருத்தலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: மரத்தைத் தொடுவதற்கு முன், அது எந்த வகை ரைபிள் என்பதைத் தாங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும். வெடிமருந்துத் தோட்டாவால் சுடும் ரைபிள் என்றால், கட்டை மாற்றும் வேலையே ஆனாலும் அதை வீட்டில் செய்யக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனி உரிமம் வேண்டும்; ஆகவே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே அதைக் கொண்டு செல்ல வேண்டும், எவ்வளவு நம்பிக்கையான ஆசாரியானாலும் அவருடைய பட்டறையில் விட்டுவிட்டு வரக் கூடாது. உரிமம் ஐயாவின் பெயரில் இருந்து, அவர் காலமான பின் யார் பெயருக்கும் மாறாமல் இருக்குமானால், கட்டையைப் பற்றிய யோசனையே இப்போது வேண்டாம். முதலில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

0.177 அங்குலத் துளையுள்ள குழலும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிள் என்றால், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அதை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. இனி நான் சொல்வதெல்லாம் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் அந்த வகை ஏர் ரைபிளுக்கு மட்டுமே பொருந்தும்.

உத்தரத் தேக்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நம் ஊர் நிலைகளிலும் உத்தரங்களிலும் தேக்கின் நேரான ரேகை, அதாவது நார் ஓடும் வாக்கு, அழகாகவும் இருக்கிறது, பாரத்தையும் தாங்குகிறது; துப்பாக்கிக் கட்டையிலோ அதே நேர் ரேகை இடைஞ்சலாகிவிடும். கட்டையில் மிக மெலிந்த இடம் கைப்பிடி வளைவு. அந்த வளைவு குழலுக்கு நேராக இல்லாமல் கீழ்நோக்கிச் சாய்ந்து இறங்குவதால், குழலுக்கு இணையாக ஓடும் ரேகை அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு, பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. பழைய கட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் ரேகையைப் பிடித்துக்கொண்டே சாய்வாக ஓடியிருக்கும். ஆகையால் பழைய கட்டையை அச்சாக வைத்து வரையும்போது, ரேகை கைப்பிடியின் நீளத்தோடு ஓடும்படி அச்சைத் திருப்பி வையுங்கள். முன்பகுதியில் அது சற்றுச் சாய்ந்தாலும் கேடில்லை. துண்டின் அகலம் அதற்குப் போதவில்லை என்றால் அந்தத் தேக்கை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு, வால்நட் அல்லது சீசம் பலகை வாங்குவதே நல்லது. பெரியவர்கள் கப்பலில் கொண்டுவந்த மரத்தை விட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிடியில் பிளக்கும் கட்டை தோளில் வைக்கும் பொருளுக்கு ஆகாது.

உத்தரத்தில் உளி வைக்கும் முன் ஆணி தேடுங்கள். தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்துப்போய் வட்டமாகத் தெரியும். தேக்கில் உள்ள சிலிக்கா உளியின் முனையைச் சாதாரணமாகவே விரைவில் மழுக்கிவிடும். ஆணியும் சேர்ந்தால் முனை பல் பல்லாகச் சிதறும். வேண்டிய அளவைவிடச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்து, சில வாரம் நிழலில் வைத்துவிடுங்கள். அறுத்தபின் வளையும் மரம் அதற்குள் வளைந்து காட்டிவிடும்.

கழற்றுமுன் குண்டு உள்ளே இல்லை என்பதையும் ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஏர் ரைபிள்களில் முன்பக்கத்தில் இரண்டு திருகாணிகளும், விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் ஒன்றோ இரண்டோ திருகாணிகளும் எடுத்தால் கட்டை தனியாக வந்துவிடும். அதற்கு மேல் ஒரு திருகாணியையும் தொடாதீர்கள். உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருப்பதால், தகுந்த பிடிமானம் இல்லாமல் அதைத் திறந்தால் முகத்தில் பாயும். கட்டையில்லாமல் ஸ்பிரிங்கை ஏற்றுவதும் சுடுவதும் கூடாது.

உருளை உட்காரும் பள்ளத்தைத் தோண்டும் வேலையில்தான் பொறுமை முழுவதும் தேவைப்படுகிறது. அளவுக்கு ஒரு நூல் குறைவாகவே முதலில் தோண்டுங்கள். பிறகு இரும்பின் அடிப்பாகத்தில் அகல்விளக்குப் புகையை மெல்லிய கரியாகப் படியவிட்டு, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், இரும்பு முட்டும் இடங்கள் மட்டும் மரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை மட்டும் உளியால் சுரண்டுங்கள். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். ஆரம்பத்தில் இரண்டு மூன்று புள்ளிகளே விழும். பள்ளம் முழுவதும் சீராகக் கறுக்கும்வரை நான் விடுவதில்லை, அதற்கு ஒரு முழுநாளும் ஆகியிருக்கிறது. குழலை மடக்கும்போது கீழே ஓடும் கம்பிக்கான காடி மட்டும் இதற்கு விலக்கு. அங்கே மரம் கம்பியில் எங்கும் உரசக் கூடாது.

ஏர் ரைபிள் சுடும்போது முதலில் பின்னுக்கும், உள்ளிருக்கும் பிஸ்டன் உருளையின் முனையில் மோதியதும் முன்னுக்கும் அதிர்வதால், திருகாணிகள் தாமாகவே தளரும். பழைய கட்டையிலிருந்த வாஷர்களை எறிந்துவிடாமல் திரும்பவும் போடுங்கள். திருகாணிகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மரம் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். சில பத்துக் குண்டுகள் சுட்டபின் மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 13.5 முதல் 14 அங்குலம் வரை பெரியவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். தங்கள் கை நீளத்துக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

கேள்வி: புதிதாகச் செய்த கட்டைக்கு வார்னிஷ் அடிப்பதா, எண்ணெய் தேய்ப்பதா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எண்ணெயே என் விருப்பம். வார்னிஷ் ஓரிடத்தில் உரிந்தால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெயை அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தபின், காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மிகக் குறைவாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். முழுதும் காய்ந்தபின்தான் அடுத்த பூச்சு. திருகாணித் துளைகளின் உட்புறத்தையும் விட்டுவிடாதீர்கள், ஈரம் முதலில் புகுவது அங்கேதான். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்தானது. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறப்பதால், சுருண்ட துணி தானாகவே தீப்பற்றும். அதைத் தண்ணீரில் நனைத்து, முற்றத்தில் விரித்துக் காயவிடுங்கள்.