பலாப் பாலும் வழுக்கிய முடிச்சும்

கேள்வி: சிங்கப்பூர் லிம் சூ காங்கில் கீரைப் பண்ணை வைத்திருக்கிறோம். வேலியோரம் இரண்டு பலா மரங்கள். கிளை கழிக்க நான்தான் கயிறு போட்டு ஏறுவேன், பிளேக் முடிச்சில் (கையால் நகர்த்தலாம், எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும்). போன வாரம் இறங்கும்போது முடிச்சு பிடிக்காமல் இரண்டடி சறுக்கிவிட்டது, ஐயா. முந்தின நாள்தான் கயிற்றில் ஒட்டிய பலாப் பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தேன். கயிறு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாற்ற வேண்டுமா?

பதில்: கத்திக்கு எண்ணெய் தடவிப் பலா அறுக்கும் பழக்கம் கயிறு வரைக்கும் வந்துவிட்டது! முடிச்சு உங்களைத் தாங்குவது நூலும் நூலும் உரசும் பிடியால்தான். நடுவில் எண்ணெய் புகுந்தால் அந்தப் பிடி போச்சு. போதாததற்கு மண்ணும் தூசியும் எண்ணெயில் ஒட்டி உள்நூலை அரிக்கும்.

ஆனால் எண்ணெயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முடிச்சு போடும் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். நகம்போல வழவழவென்று, விறைப்பாக, பளபளப்பாக இருந்தால் அது உருகிய நூல். பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், வேகமாக இறங்கும்போது முடிச்சு அந்தச் சூட்டை நொடியில் தொட்டுவிடும். பிளேக் முடிச்சு ஒரே இடத்தில் உரசுவதால் இந்தச் சூட்டுக்குப் பேர்போனது. உருகிய இடம் மறுபடி பிடிக்காது. அதை வெட்டி எறியுங்கள்.

இனி ஏறும் கயிற்றின் நுனியிலேயே முடிச்சு போடாமல், அதே பருமனில் தனித் துண்டு ஒன்றை முடிச்சுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், பெரிய கயிறு பிழைக்கும். ஏறும் கயிற்றில் நான்கு சுற்று, வால் (மிஞ்சும் நுனி) கீழிரண்டு சுற்றுக்கு அடியில், வால் நுனியில் எட்டு வடிவ முடிச்சு. இந்த நுனி முடிச்சைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

பெரிய கயிற்றை வெதுவெதுப்பான நீரில், மிதமான சோப்பில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளீச், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் சுருட்டி மூட்டையில் போட்டால் பூஞ்சணம் வரும், கொடியில் தொங்கட்டும். காய்ந்ததும் முழுக் கயிற்றையும் கையால் உருவிப் பாருங்கள். மெலிந்த இடம், மேடு, வெட்டு, மேலுறை கிழிந்து தெரியும் உள்நூல் இருந்தால் கழித்துவிடுங்கள். அலசியும் முடிச்சு சறுக்கினால் அதே முடிவுதான்.

ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முழு எடையையும் போட்டு உட்கார்ந்து பார்த்த பிறகே மேலே போங்கள். மழைக்குப் பின் கட்டாயம்: நனைந்த கயிற்றில் முடிச்சு ஒருநாள் இறுகும், ஒருநாள் சறுக்கும். அப்புறம், ரம்பம் எடுக்கும் இடத்தில் இடுப்புக் கயிற்றையும் மரத்தில் சுற்றி மாட்டுங்கள். ரம்பம் தவறி ஒரு கயிற்றைத் தொட்டால் இன்னொன்று இருக்கும்.

உங்களுக்குப் பதிலாக வேலையாளை ஏற்றுவதாக இருந்தால் கதையே வேறு. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு இங்கே அந்த வேலைக்கென்று தனி அனுமதி (பெர்மிட்) வேண்டும். ஏறுகிறவர் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும்.