ராணுவத்தில் பணியாற்றி மறைந்த உங்கள் குடும்பப் பெரியவரிடம் உங்களால் மறக்க முடியாதது எது?

என் தாத்தா எனக்குத் தலை பின்னிவிட்டது.

போர்க் கதைக்காகக் கேட்டிருந்தால் அதையும் சொல்கிறேன். ஆனால் தாத்தா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் பிடரியில் பட்ட அவருடைய காய்ப்புக் காய்த்த விரல்கள்தான்.

எங்கள் ஊர் வேலூருக்குப் பக்கத்தில். கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிப் பழகிய வட்டாரம். சீனப் போர் முடிந்து படைக்கு ஆள் எடுப்பு மும்முரமாக நடந்த 1963-இல் தாத்தா பெங்களூருக்கு ரயில் ஏறினார். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில் பயிற்சி. 1780-இல் தொடங்கிய பழைய ராணுவப் பொறியாளர் படை அது. அங்கே சிப்பாய்க்குப் பெயரே 'தம்பி'தான். எழுபது வயதைத் தாண்டிய பிறகும், பழைய தோழர்கள் வீட்டுக்கு வந்தால் ஒருவரையொருவர் தம்பி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். கேட்கவே அவ்வளவு ஆசையாக இருக்கும்.

பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் சாப்பர்களின் வேலை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், தாத்தாவின் 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட் எல்லைக்கு அப்பால் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றையொட்டி நிலமெங்கும் கண்ணிவெடி. நம் டாங்கிகள் கடக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் யாராவது தரையோடு தரையாகப் படுத்து, கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்து, ஆபத்தில்லாத இடத்தின் ஓரமாக வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இரவில் அந்த வேலை நடந்தது. பாதை முழுதாக முடிவதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் உள்ளே இறங்கின. அந்தப் படையைச் சேர்ந்த 21 வயது அருண் கேத்ரபால் டிசம்பர் 16 அன்று அங்கேதான் வீரமரணம் அடைந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அந்த வீரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வெள்ளை நாடா கட்டியவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தாத்தா இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை சொன்னார்: "குளிரில் விரல் மரத்துவிடும். விரலில் உணர்ச்சி இல்லை என்றால் கம்பி எதைத் தொடுகிறது என்று தெரியாது. அப்போது கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்போம்." அவ்வளவுதான்.

அந்தப் போர் நடந்தபோது என் அம்மாவுக்கு இரண்டு வயது. அடுத்த விடுமுறையில் டிரங்குப் பெட்டியோடு தாத்தா வாசலில் வந்து நின்றபோது, அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாமா வந்திருக்கிறார்" என்று உள்ளே குரல் கொடுத்தாராம். எல்லாரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்பதை ஆயா, அதாவது என் பாட்டி, எனக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

வருடத்துக்கு இரண்டு மாத விடுமுறை. போகவர ரயிலிலேயே ஒரு வாரம் கழிந்துவிடும். மற்ற மாதங்களில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து கடிதம் வரும், மணியார்டர் வரும். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். ஊரே கேட்கும் என்று தெரிந்துதான் தாத்தா எழுதுவார். மாடு கன்று போட்டதா, கிணற்றில் எத்தனை படி தண்ணீர் இருக்கிறது, கடைசியில் ஒரு வரி: பாப்பாவுக்கு முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது? ஆயா ஒரு கறுப்பு நூலை அம்மாவின் தலைமுடியோடு வைத்து அளந்து, வெட்டி, உறையில் போட்டு அனுப்புவார். ஒவ்வொரு வருடமும் நூல் நீண்டது.

24 வருடச் சேவையை முடித்து, நாயப் சுபேதாராக 1987-இல் தாத்தா ஊருக்கு வந்தார். அதற்குள் அம்மாவுக்குப் பதினெட்டு வயது. தலையைத் தானே பின்னிக்கொள்ளத் தெரிந்த பெண். மூன்றே வருடத்தில் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

பிறகு நான் வந்தேன். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய 1998-இலிருந்து ஐந்தாம் வகுப்பு முடியும் வரை என் தலை தாத்தாவின் பொறுப்பு. காலை ஏழரைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் தெருமுனைக்கு வந்து நின்றுவிடுவார். தேங்காய் எண்ணெய் தடவி, நடு வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டுவார். பாலம் கட்டக் கயிறு முடிந்த கை அல்லவா, சாயங்காலம் வரை ஒரு முடிகூடப் பிரியாது. ரிப்பன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நாடா என்பார். எனக்கு அது வெறும் தலைபின்னல். அம்மா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பது ஏன் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

கான்டீனில் வாங்கிய பிஸ்கட், நவம்பர்தோறும் உயிர்வாழ் சான்றிதழுக்காக இஸ்திரி போட்ட சட்டையில் வங்கிக்குப் போவது, என்னையும் உடன் அழைத்துப் போய்த் திரும்பும்போது இட்லி வாங்கித் தருவது என்று சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

2019-இல் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. மாவுக்கட்டு. நான் சென்னையில் வேலையில் இருந்தேன். லீவு போட்டு வந்த மறுநாள் காலை, சீப்பை எடுத்துக்கொண்டு அம்மாவைத் தேடினால் ஆளைக் காணவில்லை. தாத்தா வீட்டுத் திண்ணையில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மகளுக்கு எழுபத்தாறு வயது அப்பா பின்னிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின, இடையிடையே நிறுத்தி, கையை அக்குளில் வைத்து எடுத்தார். ஆயா வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கறுப்பு நூல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நூல்கள் உறையில் தாத்தாவுக்குப் போனது அம்மாவுக்கு அதுவரை தெரியாது. தாத்தா மறுக்கவும் இல்லை, ஆமென்றும் சொல்லவில்லை. "தலையை ஆட்டாதேம்மா" என்றார்.

ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை நன்றாகச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை ஏழரைக்கு அம்மா சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அந்தத் திண்ணைக்குப் போனார். 2022-இல் தாத்தா படுக்கையில் விழும் வரை ஒருநாளும் தவறவில்லை.