ஒரு சமூகம் இணையத்தில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்று ஆராய எங்கிருந்து தொடங்குவது?

முகநூல் குழுக்களிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதுகலை ஆய்வேட்டுக்காகத் தேர், கோலம், பொங்கல் பானை என்று ஆறு மாதம் படங்களாகக் குவித்தேன். புரட்டிப் பார்த்த நெறியாளர், "கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியுமா?" என்று கேட்டார். ஆறு மாத உழைப்பு அத்தோடு போயிற்று.

எல்லோரும் ஒத்துப்போகும் இடத்தில் ஆராய அதிகம் இருக்காது. தங்களை எப்படிக் காட்டுவது என்று அவர்களுக்குள்ளேயே தகராறு நடக்கும் இடத்தைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தது தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய அதன் ஆரம்ப நாட்களில் பெரும்பாரத்தைச் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன். நாடுவாரியாகப் பிரியாமல் மொழிவாரியாக அமைந்ததால் யாழ்ப்பாணத்தாரும் மதுரைக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டிய கட்டாயம். முகநூலில் பிடிக்காவிட்டால் தனிக்குழு தொடங்கிவிடலாம். இங்கே ஒரு பொருளுக்கு ஒரு கட்டுரை, அதற்கு ஒரே தலைப்பு.

ஈழத்தவருக்கு ரொறன்ரோ, தமிழகத்தவருக்கு டொராண்டோ. டொக்டர், டாக்டர், கொம்பனி, கம்பெனி. இதற்குமேல் கிரந்த எழுத்துப் பிரச்சினை வேறு: ஸ்டாலினா, இசுடாலினா? ஒருவர் மொழியைக் காப்பதாக நினைத்துச் செய்வது, இன்னொருவருக்குத் தன் பேரைச் சிதைப்பதாகத் தெரிகிறது. தலைப்புப் போட்டியில் தோற்றுப்போன வடிவம் வழிமாற்றாகத் தங்கிவிடும். அதைத் தட்டினாலும் அதே கட்டுரைக்குத்தான் போவீர்கள். இந்த வழிமாற்றுகளை வைத்தே ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதினேன்.

பெயர்களையும் கவனியுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்துக்கு ஊர்க் குழாயடி என்று பொருள்படும் பெயர். தமிழில் அதற்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்தார்கள். குழாயடி என்றால் நமக்கு வேறு ஞாபகம்தானே வரும்! (சில நாட்களில் அங்கே நடப்பது என்னவோ குழாயடிச் சண்டைதான்.)

செய்முறை எளிது. எந்தக் கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கமும் திருத்த வரலாறும் உண்டு. கட்டுரையை விட்டுவிட்டு அவற்றைப் படியுங்கள். சாதிகளைப் பற்றிய கட்டுரைகளில் அரச பரம்பரை என்ற சொல் ஏறுவதையும் இறங்குவதையும் தேதிவாரியாகக் குறித்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

யார் பேசவில்லை என்பதையும் பாருங்கள். நீலகிரித் தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906இல் ஒரு நூல் எழுதினார். தோடர்களைப் பற்றி எழுத வருபவர் பலர் இன்றும் அவரிடமிருந்தே தொடங்குகிறார்கள். அப்படி எழுதப்பட்ட பக்கத்தைத் தோடர்களின் தற்சித்திரம் என்று உங்கள் ஆய்வில் சேர்த்துவிடாதீர்கள். எழுதிய கை யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சண்டையில் ஒருவர் கோபத்தில் எழுதிய வரியை அப்படியே மேற்கோள் காட்ட ஆசையாக இருக்கும். அந்த வரியைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். நான் அத்தகைய வரிகளை என் சொற்களில் மாற்றி எழுதினேன். சுவை குறைந்ததாக நெறியாளர் சொன்னார், குறைந்தது உண்மைதான்.