முறிவது விரதம், டயட் அல்ல

கேள்வி: நான்கு வாரம் ஒழுங்காக டயட் இருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைத்தேன். அக்கா மகள் கல்யாணத்தில் ஒரு வேளை பிரியாணியும் குலாப் ஜாமூனும் சாப்பிட்டதில் டயட் முறிந்துவிட்டது. மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. ‘எல்லாம் போச்சு’ என்று விட்டேன், பத்து நாளாகிறது. எனக்கு மனவுறுதியே இல்லையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மனவுறுதி இல்லாதவர் நான்கு வாரம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். கோளாறு நீங்கள் எடுத்த சொல்லில் இருக்கிறது. முறிவது விரதம். ஏகாதசியன்று ஒரு பருக்கை உள்ளே போனாலும் முறிந்ததுதான். அதற்குமேல் ஒரு பிடி தின்றாலும் ஒரு படி தின்றாலும் வித்தியாசமில்லை. எடைக் குறைப்பு வரவு செலவுக் கணக்கு. ஒரு நாள் செலவு கூடியதற்காக யாரும் கணக்கு நோட்டைக் கிழிப்பதில்லை.

‘போச்சு’ இன்னும் மோசம். பால் திரிந்து போச்சு, கண்ணாடி உடைந்து போச்சு என்று, திரும்பி வராதவற்றுக்குச் சொல்வது அது. அப்படிச் சொல்லிவிட்டால், அடுத்த வேளை எதற்காக அளந்து சாப்பிட வேண்டும்?

1975-இல் ஹெர்மன், மேக் என்ற உளவியலாளர்கள் மாணவிகளில் சிலருக்கு மட்டும் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, எல்லோரையும் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட வைத்தது, ‘கட்டுப்பாடுதான் போய்விட்டதே’ என்ற நினைப்பு.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 500 கலோரி மிச்சம் பிடித்திருந்தால் 28 நாளில் 14,000. விருந்தில் 1,000 கூடுதலாகவே போயிருக்கட்டும்; அது இரண்டு நாள் மிச்சம், அவ்வளவுதான். பத்து நாள் மிச்சம் பிடிக்காமல் விட்டதில் போனது 5,000. பிரியாணியைப் போல் ஐந்து மடங்கை அந்த ஒரு சொல் தின்றிருக்கிறது!

மறுநாள் ஏறிய ஒன்றரைக் கிலோ கொழுப்பல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டில் அது நடக்காது. உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கின்றன. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் வடிந்துவிடும். விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள்.

இனி நடந்ததை நடந்தபடி, ஒரே வரியில் எழுதுங்கள்: ‘ஞாயிறு மதியம், பிரியாணி இரண்டு தட்டு, ஜாமூன் மூன்று, காலையில் வெறும் வயிறு.’ ‘தப்பு’, ‘ஏமாத்திட்டேன்’ போன்ற சொற்கள் அதில் வேண்டாம். அவை திட்டுமே தவிர, எதைச் சரிசெய்வதென்று சொல்லாது. அந்த வரியின் கடைசி இரண்டு சொற்களைப் பாருங்கள். உங்கள் விஷயத்திலும் அதுதான் காரணமென்றால், அடுத்த கல்யாணத்துக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஈடுகட்டப் பட்டினி கிடக்காதீர்கள். சாயங்காலப் பசி மறுபடி அதே இடத்துக்கு இழுத்துவரும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்றும் தள்ள வேண்டாம். இதை மாலையில் படிக்கிறீர்களென்றால், கல்யாணத்துக்கு முன்பு இரவில் என்ன சாப்பிட்டீர்களோ அதையே, அதே அளவில், இன்று இரவு சாப்பிடுங்கள்.